தட்டில் எழுதிய கிலோ, கைக்கு வரும் கிலோ

வீட்டுக்கு மல்டி ஜிம் வாங்கும்முன் இழுத்துப் பார்க்க வேண்டியவை

மல்டி ஜிம் விற்கும் கடையில் விற்பனையாளர் முதலில் சொல்வது, "சார், இதுல முப்பது எக்ஸர்சைஸ் பண்ணலாம்." அடுத்தது, "72 கிலோ ஸ்டாக் சார், வீட்டுக்குத் தாராளம்." இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நல்ல மெஷினையும் மோசமான மெஷினையும் இந்த இரண்டு வாக்கியங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே 72 கிலோதான், இரண்டிலுமே முப்பது பயிற்சிதான். வித்தியாசம் முழுக்க, எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னைச் செருகும் இடத்துக்கும் நம் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கிறது. கேபிள், புல்லி, நெம்புகோல் எல்லாம் சேர்ந்த அந்தப் பாதைதான் மெஷின். மற்றதெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் சட்டம்.

இதற்காக மூன்று வகை மெஷின்களில் உட்கார்ந்து, இழுத்து, தள்ளிப் பார்த்தேன். முதலாவது, ஒரே எடை அடுக்கு (ஸ்டாக்) கொண்ட ஹோம் ஜிம். இரண்டாவது, இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கக்கூடிய புல்லி கொண்ட ஃபங்ஷனல் ட்ரெய்னர். மூன்றாவது, நான்கு அடுக்கு கொண்ட பெரிய மல்டி ஸ்டேஷன். ஒரே மாதிரி மெஷின் வெவ்வேறு ஸ்டிக்கரோடு வருவது இந்தச் சந்தையில் சகஜம் என்பதால், பிராண்டு வாரியாக இல்லாமல் வகை வாரியாகவே எழுதுகிறேன்.

ஸ்டேஷன் வேறு, ஸ்டாக் வேறு

மல்டி ஜிம்மின் மூதாதை, 1957-ல் கலிபோர்னியாவில் ஹரால்ட் ஜின்கின் உருவாக்கிய யுனிவர்சல் ஜிம் மெஷின். ஒரு சட்டத்தைச் சுற்றிப் பல இருக்கைகள், பல எடை அடுக்குகள். ஒரே நேரத்தில் பலர் பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வீட்டுக்கு வந்தபோது இந்த யோசனை தலைகீழானது. அடுக்கு ஒன்றுதான், அதிலிருந்து கேபிள் கிளம்பி மேல் புல்லி, நெஞ்சுக் கைப்பிடி, கால் உருளை, கீழ்ப் புல்லி என்று சுற்றி வருகிறது. இருக்கும் இடங்கள் நான்கு, இழுப்பவர் ஒருவர்.

ஆகவே விளம்பரத்தில் "4 ஸ்டேஷன்" என்று இருந்தால், எத்தனை ஸ்டாக் என்று கேளுங்கள். ஸ்டாக் எண்ணிக்கைதான் எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும். கணவன் மனைவி இருவருக்கு ஒரு ஸ்டாக் போதும். ஒருவர் செட் முடித்து ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்போது மற்றவர் பின்னை மாற்றிக்கொண்டு இழுக்கலாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கொக்கித் தராசுச் சோதனை

பயணப் பெட்டியின் எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். 50 கிலோ வரை காட்டும் தராசு போதும். பின்னை 30 கிலோவில் செருகி, மேல் புல்லியின் பாரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் தராசை மாட்டி, மெதுவாக, ஒரே வேகத்தில் கீழே இழுத்தேன். பிறகு அதே வேகத்தில் மேலே விட்டேன்.

விலை குறைந்த ஒற்றை ஸ்டாக் மெஷினில் இழுக்கும்போது தராசு 35-ஐத் தொட்டது. விடும்போது 26-க்கு இறங்கியது. தட்டில் எழுதியிருந்தது 30. நடுவில் உள்ள 9 கிலோ வித்தியாசத்தை விழுங்கியது புல்லிகளின் உராய்வு. இழுக்கும்போது உராய்வு நமக்கு எதிராக நிற்கிறது, விடும்போது எடைக்கு எதிராக நிற்கிறது. எடையை நிதானமாக இறக்குவதும் பயிற்சியில் சரிபாதி. அந்தப் பாதியில் மெஷின் நமக்குப் பதிலாகச் சுமந்துகொள்கிறது என்றால், 30 கிலோவுக்குக் காசு கொடுத்து 26 கிலோவை இறக்குகிறோம் என்று அர்த்தம். நான்கு அடுக்கு மெஷினில் இதே சோதனையில் 32-ம் 28-ம் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால்கூட வித்தியாசம் தெரியும். முதல் மெஷினில் தொடக்கத்தில் ஒரு சிக்கல், பிறகு ஒரு வெட்டல். நான்கு அடுக்கு மெஷினில் கிணற்றுக் கயிறு போல ஒரே சீராக வந்தது.

ஃபங்ஷனல் ட்ரெய்னரில் 30 கிலோ வைத்து ஒரு கைப்பிடியை இழுத்தபோது தராசு 16 காட்டியது. இது கோளாறல்ல. அடுக்கின் மேல் நகரும் புல்லி ஒன்று இருப்பதால் எடை பாதியாகிறது, கேபிள் இரு மடங்கு தூரம் ஓடுகிறது. இதை 2:1 விகிதம் என்பார்கள். ஒரு பக்கம் 72 கிலோ ஸ்டாக் இருந்தால் ஒரு கைக்கு வருவது 36 கிலோதான். வாங்கிய பிறகு தெரிந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு: தட்டு 5 கிலோ வீதம் ஏறினால், கையில் இரண்டரைக் கிலோ வீதம் ஏறும். தோள்பட்டைக்கான சின்னப் பயிற்சிகளில் 5 கிலோ என்பது பெரிய தாவல். அந்த இடத்தில் 1:1 மெஷின் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறது.

ஒற்றை ஸ்டாக் மெஷினில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அதே 30 கிலோ செஸ்ட் பிரஸ்ஸில் ஒரு எடையாகவும் பட்டர்ஃபிளையில் வேறு எடையாகவும் வரும். நெம்புகோலின் நீளம் மாறுவதே காரணம். கவனமாகச் செய்த மெஷின்களின் மேனுவலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைக்கு எவ்வளவு வரும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேனுவலில் ஐஎஸ்ஓ 20957 என்ற தர எண்ணும், வீட்டு உபயோகத்துக்கான எச் வகுப்பா, ஜிம்களுக்கான எஸ் வகுப்பா என்பதும் இருந்தால் இன்னும் நல்லது.

கேஜ் என்னும் கண்கட்டு

"பதினாறு கேஜ் ஸ்டீல் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 14 கேஜ் சுமார் 2 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.6 மி.மீ. வீட்டு மெஷினின் முக்கியத் தூண்களுக்கு 14 கேஜைவிட மெலிசான தகட்டை நான் ஏற்க மாட்டேன். சோதிப்பது எளிது. மேல் புல்லியில் மாட்டிய லாட் பாரை முழு எடையில் இழுத்து, சட்டென்று நிறுத்துங்கள். தூணின் உச்சி ஆடினால் தகடு மெலிசு, அல்லது போல்ட் தளர்வு.

புல்லியில் பார்க்க வேண்டியது பேரிங். கேபிள் தளர்ந்திருக்கும்போது விரலால் சுற்றிவிட்டால் பேரிங் வைத்த புல்லி சில சுற்றுகள் தானாக ஓடும். வெறும் புஷ் வைத்தது உடனே நின்றுவிடும். கேபிள் என்பது பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டீல் கம்பி. அது முதலில் நைவது நடுவில் அல்ல. கொக்கியோடு சேரும் முனையில், உறை வெடிக்கும் இடத்தில். அங்கே ஓர் இழை தெரிந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். சென்னை பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கம்பி கிடைத்துவிடும், ஆனால் முனையைச் சரியாக அழுத்திப் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால் வாங்கும்போதே உதிரி கேபிள் ஒரு செட் விலை பேசி வாங்கிவிடுவது நல்லது.

எடைத் தட்டுகள் இரும்பா, சிமென்ட் நிரப்பிய பிளாஸ்டிக்கா என்பதைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். சிமென்ட் தட்டு தடிமனாக இருக்கும், வெடித்தால் தூளாக உதிரும். சத்தம் குறைவு என்பது அதற்குள்ள ஒரே சாதகம்.

யார் உட்காரப் போகிறார்கள்?

மெஷின்களை வரைபவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் ஐந்தே முக்கால் அடி ஆணை. ஐந்தடி உயரப் பெண் அதே இருக்கையில் உட்கார்ந்தால் முதுகு சாயாது, அல்லது முழங்கால் இருக்கையின் விளிம்பைத் தாண்டாது. லெக் எக்ஸ்டென்ஷனில் மெஷினின் கீல் இருக்கும் அச்சும் நம் முழங்கால் மூட்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். விலகினால் உருளை கணுக்காலில் வழுக்கும், மூட்டில் தேவையில்லாத இழுப்பு விழும். நான் பார்த்த ஒற்றை ஸ்டாக் மெஷினில் இருக்கை மேலும் கீழும் போனது, முதுகுப் பலகை முன்னும் பின்னும் நகரவில்லை. அம்மாவுக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள் அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போவதே சரி.

இன்னொரு குறை, லாட் புல் டவுனில் தொடையை அமுக்கிப் பிடிக்கும் பேட் இல்லாதது. எடை நம் உடல் எடையை நெருங்கும்போது பார் கீழே வருவதற்குப் பதில் நாம் மேலே போகிறோம். நான்கு அடுக்கு மெஷினில் அதற்கெனத் தனி இருக்கையும் பேடும் இருந்தன.

பயிற்சி மாற்றும் வேலையையும் செய்து பாருங்கள். ஒற்றை ஸ்டாக் மெஷினில் மேலிருந்து கீழ்ப் புல்லிக்கு மாற, பாரைக் கழற்றி, கீழே மாட்டி, சங்கிலியின் நீளத்தைக் கண்ணி எண்ணிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஃபங்ஷனல் ட்ரெய்னரில் குமிழை இழுத்து, புல்லியை ஏற்றி இறக்கினால் முடிந்தது. காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் இந்த வேறுபாடுதான் பயிற்சி நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கும்.

அறை, தரை, உப்புக்காற்று

இந்த மெஷின்களின் உயரம் பெரும்பாலும் 2.05 முதல் 2.15 மீட்டர். தேசியக் கட்டட விதிகளின்படி வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர் என்பதால் நிற்க வைப்பதில் சிக்கல் இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையிலும், சீலிங் ஃபேனுக்கு அருகிலும் புல் அப் பார் வைத்த மாடலைத் தவிருங்கள். தரையில் மெஷின் அடைக்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. பட்டர்ஃபிளை கைகள் விரியவும், லோ ரோவுக்குக் காலை நீட்டவும், ஸ்டாக் பக்கம் போய் எண்ணெய் விடவும் இடம் வேண்டும். ஒற்றை ஸ்டாக்குக்கே 7 அடிக்கு 7 அடி ஒதுக்கினால்தான் நிம்மதி.

எடையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் என்று கணக்கிட்டே வடிவமைப்பார்கள். 72 கிலோ ஸ்டாக் உள்ள மெஷின், சட்டமும் சேர்த்து ஏறத்தாழ 150 கிலோ. அது பரவி நிற்கிறது, எனவே மாடியில் வைக்கலாம். நான்கு அடுக்கு மெஷின் அரை டன்னையும் தாண்டும். அதைத் தரைத்தளத்தில் வையுங்கள், மாடியென்றால் கட்டட இன்ஜினீயரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். எந்த மெஷின் ஆனாலும் அடியில் ரப்பர் மேட் அவசியம். டைல்ஸுக்கும் நல்லது, கீழ் வீட்டுக்காரர் உறவுக்கும் நல்லது.

பால்கனியில் வைக்கும் ஆசை வேண்டாம். வெயிலில் ரெக்ஸின் வெடிக்கும், கேபிள் உறை விறைக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் முலாம் பூசிய வழிகாட்டிக் கம்பிகளில் துரு புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அந்தக் கம்பியில்தான் தட்டுகள் ஏறி இறங்குகின்றன. துரு வந்தால் உராய்வும் கூடவே வரும். கம்பியைத் துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் போதும். கிரீஸ் வேண்டாம், தூசியும் முடியும் ஒட்டிக்கொள்ளும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஸ்டாக்கை மூடும் தகடு கட்டாயம். தட்டுகளுக்கு நடுவில் விரல் போகும் இடைவெளி தாராளமாக இருக்கிறது. பின் தொலைந்தால் ஆணியையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகும் வழக்கம் பல ஜிம்களில் உண்டு. பாதியே செருகிய பின்னோ ஆணியோ நடுவழியில் நழுவினால் மொத்த எடையும் விழும். காந்தமோ பூட்டுக் குண்டோ உள்ள அசல் பின்னையே வாங்குங்கள்.

தீர்ப்பு

ஒற்றை ஸ்டாக் ஹோம் ஜிம்: சுமார் 30,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பாதை நிர்ணயிக்கப்பட்ட அசைவு என்பதால் புதியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பாதுகாப்பு. இருவர் உள்ள வீட்டுக்குப் பொருந்தும். பேரிங் புல்லியும் நகரும் முதுகுப் பலகையும் இல்லாத மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன். கால்களுக்கு இதன் எடை சீக்கிரமே பற்றாமல் போகும்.

ஃபங்ஷனல் ட்ரெய்னர்: விலை மேற்சொன்னதைப் போலப் பல மடங்கு. தனியாக ஒரு பெஞ்சும் வேண்டும், பயிற்சியைக் கற்றுத்தர ஆளும் வேண்டும். ஆனால் உயரம் எதுவானாலும் எல்லோருக்கும் பொருந்துவது இது ஒன்றுதான். இரண்டு ஸ்டாக் என்பதால் இருவர் ஒரே நேரத்தில் இழுக்கலாம். நான் என் காசில் வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குவேன்.

நான்கு அடுக்கு மல்டி ஸ்டேஷன்: இழுக்க இதைவிட சுகமான மெஷின் இல்லை. தனி வீடும், தரைத்தள அறையும், பயிற்சி செய்யும் நாலைந்து பேரும் இருந்தால் சரி. இல்லையென்றால் இது அபார்ட்மென்ட் சங்கம் வாங்க வேண்டிய பொருள்.

30,000 ரூபாய்க்குக் கீழேதான் பட்ஜெட் என்றால் மல்டி ஜிம் பக்கமே போக வேண்டாம். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. எடை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல், உறுதியான ஒரு பெஞ்ச், தரையில் தண்டாலும் பஸ்கியும் சேர்ந்தால் அந்த இரண்டு நாளுக்குத் தாராளம். டம்பெல்லில் புல்லியும் இல்லை, உராய்வும் இல்லை. 10 கிலோ என்று எழுதியிருந்தால் கைக்கு வருவதும் 10 கிலோதான்.