‘தீபன்’: விளங்கப்படுத்தலின் எல்லை

ஜாக் ஒடியாரின் ‘தீபன்’ 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றபோது, எமது கதை உலகத்துக்குப் போய்விட்டது என்றனர் எம்மவர் சிலர். எம்மைப் பிழையாகக் காட்டிவிட்டார்கள் என்றனர் வேறு சிலர். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: சரியாகச் சொன்னால் எம்மை முழுதாக விளங்கப்படுத்திவிடலாம். இந்த நம்பிக்கையைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

படத்தில் தஞ்சக்கோரிக்கை விசாரணைக் காட்சி ஒன்று உண்டு. தயார்செய்துகொண்டு வந்த கதையைத் தீபன் (ஷோபாசக்தி) ஒப்புவிக்க, மொழிபெயர்ப்பாளர் இடைமறித்துத் தமிழில் வேறு கதைக்கிறார். மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கு அது விளங்காது. ஜேர்மனியில் தஞ்சம் கேட்ட எமக்கு இக்காட்சி நன்கு பரிச்சயமானது. நாம் சொன்னது ஜேர்மனில் பதிவாகி, திரும்பவும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்ட பின்னர் ஒப்பமிட்டோம். “அம்மா குழறினா” என்று நாம் சொன்னது “தாயார் எதிர்ப்புத் தெரிவித்தார்” என்று திரும்பி வந்தது. அதைப் பிழை என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

படத்தின் முற்பகுதி இந்த எல்லையை அறிந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் அந்நியரான தீபன், யாழினி, சிறுமி இளையாள் ஆகிய மூவரும் இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டுகளில் வந்து குடும்பமாக நடிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் விடும் பகிடியின் சொற்கள் விளங்குகின்றன, சிரிப்புத்தான் வரவில்லை என்கிறான் தீபன். உனக்குத் தமிழிலும் பகிடி வராது என்கிற மாதிரி மறுமொழி சொல்கிறாள் யாழினி. எவருக்கும் எதையும் நிரூபிக்காத இந்தச் சிறு காட்சியில்தான் நாம் மனிதராகத் தெரிகிறோம்.

பிற்பகுதியில் தீபன் மீண்டும் ஆயுதம் எடுக்கிறான். போராளி என்றால் இப்படித்தான் என்று ஐரோப்பா ஏற்கெனவே வைத்திருக்கும் விளக்கத்துக்குள் அவனை நுழைத்துவிட்டு, படம் இங்கிலாந்தின் வீட்டுத்தோட்டம் ஒன்றில் போய் அமைதியடைகிறது. விசாரணை அதிகாரிக்கு இந்த முடிவு போதும். எமக்குப் போதாது.

வுப்பர்டாலில் றெஸ்ரோறன்றில் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கும்போது, எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். இலங்கை என்றால், அழகான தீவு, விடுமுறைக்குப் போயிருக்கிறோம் என்பார்கள். அடுத்த மேசையின் கோப்பை ஆறுவதற்குள் 2009 ஐ எப்படிச் சொல்வது? அவர்களில் குற்றமில்லை. எமது கவலை எமது பிள்ளைகளைப் பற்றியது. ‘பேய்களும் அற்புதங்களும்’ என்று பொருள்படும் தலைப்போடு ஜேர்மனியில் வெளியான இப்படத்தின் தமிழை அவர்கள் ஜேர்மன் உபதலைப்பில்தான் வாசித்தார்கள். அவர்களுக்கும் நாம் திகதி வாரியாக, முரண்பாடில்லாமல், விசாரணையில் சொன்ன கதையையே சொல்லிப் பழகிவிட்டோம். நாம் எதற்குப் பயந்து ஓடிவந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். எதற்குச் சிரித்தோம் என்பது தெரியாது.

வதிவிட அனுமதிக்கு விளக்கம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அனுமதி கிடைத்து வருடக்கணக்கான பின்னரும் எமது கதைகளும் கவிதைகளும் அந்த மேசைக்கு முன்னால் இருந்தே எழுதப்படுகின்றன. யாழினியின் மறுமொழி போன்ற ஒன்றை எழுத வேண்டுமானால், முதலில் அந்தக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.