சின்னத்திரைக்கு அப்பால்: வன்னியும் விவரணப்படமும்

விவரணப்படத்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடமுண்டு. பசில் றைற் நெறிப்படுத்தி 1934இல் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' இன்றும் திரைப்பட மாணவரால் ஆராயப்படுகின்றது. ஆயின் அது தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது; அது நாடிய பார்வையாளர் கடலுக்கு அப்பால் இருந்தனர். படம்பிடிக்கப்படுவோர் ஒருசாரார், பார்ப்போர் மற்றொரு சாரார் என்னும் இம்முரண்பாடு வன்னியைப் பொறுத்தவரை இன்னும் நீங்கவில்லை. 2009இன் பின்னர் வன்னியைப் பற்றிய படங்கள் பிறநாட்டு மண்டபங்களிலேயே பெரிதும் விவாதிக்கப்பட்டன.

1948இல் அமைக்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவின் படங்கள் திரையரங்குகளிலும் கிராமங்களிலும் காட்டப்பட்டன. 1982இல் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபின் விவரணப்படம் படிப்படியாக வீட்டுக்குள் ஒதுங்கியது. போர்க்காலத்தில் நெடுநாள் மின்வழங்கலற்றிருந்த வன்னிக்கு அவ்வாய்ப்பும் முழுமையாகக் கிட்டவில்லை. இன்று கைத்தொலைபேசியில் எதனையும் பார்க்கலாமே என்பர். பார்க்கலாம், ஆனால் தனித்துப் பார்ப்பவன் எவரோடு வாதிடுவான்?

விவரணப்படத்தை மக்களிடம் கொண்டுசெல்வது திரை கட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. முல்லைத்தீவின் கோவலன் கூத்தைக் காண்போர் கதையை முன்னரே அறிந்தவர்கள். ஆட்டத்தையும் பாட்டையும் எடைபோடும் சுவைஞர்கள் அவர்கள். அக்கூத்தைப் பற்றிய படமொன்று முதலில் அண்ணாவிமாரும் அச்சுவைஞரும் கூடிய களரியிலே காட்டப்படல் வேண்டும். அவர்கள் மறுப்பதைத் திருத்தத் துணியாத படம் வெறும் பதிவாகவே எஞ்சும்.

விஞ்ஞானப் படத்துக்கும் இது பொருந்தும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட முறைபற்றிக் கடும் வாதம் எழுந்தது. கனகராயன் ஆற்றின் நீர்வரத்தையும் குளத்தின் கொள்ளளவையும் வான்கதவுகளின் தொழிற்பாட்டையும் விளக்கும் படமொன்று சனசமூக நிலையத்தில் காட்டப்பட்டால், கமக்காரர் அதனைக் கேள்வியின்றி ஏற்கமாட்டார். நீர் வந்த வேகத்தைக் கண்ணாரக் கண்டவர் அவர். அக்கேள்விகளுக்கு விடைகூற வல்லோரும் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இயங்குகின்றன. வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

எனவே மொழிபெயர்ப்புத் தமிழிற் பின்னணிக்குரல் சேர்ப்பதால் மட்டும் படம் மக்களுடையதாகிவிடாது. படம் முடிந்து விளக்கேற்றியபின் எழும் முதற் கேள்வியிலேதான் விவரணப்படத்தின் உண்மையான பணி தொடங்குகின்றது. அக்கேள்விக்கு இடமளியாத திரையிடல், எத்துணை பெரிய திரையில் நிகழினும், தொலைக்காட்சியின் நீட்சியே எனல் தகும்.