உமிழ்தலும் கக்குதலும்: தண்டியின் விதியும் தமிழ் வழக்கும்

உண்டது மீண்டும் வாய்வழி வெளிப்படுதலைக் குறிக்கத் தமிழில் உமிழ், கால், கக்கு, எதுக்களி, வாந்தியெடு எனச் சொற்கள் பல உள. அகராதிகள் பெரும்பாலும் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து அமைகின்றன. இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்க இயலாதவை என்பதும், அவ்வேறுபாட்டை அணியிலக்கண நூலார் வகுத்த விதி முழுதும் தழுவவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

விதியை வகுத்தவர் காவியாதரிசம் செய்த தண்டி. துப்புதல், கக்குதல் முதலிய பொருள்தரும் வடசொற்கள் இலக்கணைப் பொருளில் வரின் மிக அழகுடையன; நேர்ப்பொருளில் வரின் நாட்டுப்புறத்தன்மை எய்தும் என்பது முதற் பரிச்சேதத்தில் அவர் கூறுவது. கதிரொளியைப் பருகிய தாமரை செந்தாதினைக் கக்குவது இனியது. மணமகள் துப்புகிறாள் என்பது இனிமையற்றது. விதி தெளிவானது, கற்பிக்கவும் எளியது.

தமிழ்ச் செய்யுள் வழக்கோ இவ்வரம்புள் அடங்கவில்லை. திருமால் ஊழியில் உலகை உண்டு பின்னர் உமிழ்ந்தான் என்பது ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் பாடும் செய்தி. இங்கு உமிழ்தல் இலக்கணை அன்று. உண்ணுதல் உண்மையாயின் உமிழ்தலும் உண்மையே. வயிற்றில் வைத்துக் காத்ததை அவ்வாயாலேயே வெளிப்படுத்துகிறான். நேர்ப்பொருளில் நின்றும் அச்சொல் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. சங்கப் பாடல்களில் இரவில் இரைதேடும் பாம்பு மணியை உமிழ்வதும் இத்தகையதே. இவ்விரண்டிலும் உள்ளே சென்றதோ இருந்ததோ கெடாமல் வெளிவருகிறது; வெளிப்படுத்துவோன் தன் விருப்பால் வெளிப்படுத்துகிறான். உமிழ் என்னும் வினையின் உயிர்நிலை இதுவெனக் கருதலாம். 'காறி உமிழ்தல்' என்னும் இகழ்ச்சி வழக்கிலும் விருப்பம் உண்டு, பிணி இல்லை.

கக்கு என்பதில் கட்டாயம் முன்நிற்கிறது. 'தின்ற பணத்தைக் கக்கு', 'அடித்ததும் உண்மையைக் கக்கினான்' என்னும் பேச்சு வழக்குகளில் உண்டது உண்ணத்தகாதது. அது வெளிவருவதும் பிறர் வலிமையால். இவ்விடங்களில் உமிழ் என்பதைப் பெய்து பார்த்தால் தொடர் பொருளிழக்கும். பாம்பு நஞ்சைக் கக்கும் என்பதும் உமிழும் என்பதும் ஒருங்கே வழங்குதலால் எல்லை எங்கும் ஒரே கூர்மையுடையதன்று. ஆயினும் மணியைக் கக்கும் என்பது செவிக்கு ஒவ்வாது. குழந்தை பால் கக்கியது என்று சொல்லும் தாய் அதனை நோயாகக் கருதவில்லை. வாந்தியெடுத்தது என்றால் மருத்துவர் வினவும் வினாவே வேறாகிவிடும். கால் என்னும் வினை (கான்றான், கான்ற) நெருப்புக்கும் குருதிக்கும் செய்யுளில் நின்று, இன்று பேச்சினின்று மறைந்தது. உறுப்பும் காற்றும் நான்கிலொரு பங்கும் அவ்வடிவையே பகிர்ந்துகொண்ட நெருக்கடி அதற்குத் துணைசெய்திருக்கலாம்.

தண்டியின் விதி மறுதலையிலும் தளர்கிறது. மனப்பாடம் செய்ததைத் தேர்வுத்தாளில் 'வாந்தியெடுத்தான்' என ஆசிரியர்கள் கூறுவது முற்றும் இலக்கணைப் பொருளே; அழகு அதில் சிறிதும் இல்லை. செரியாமையே அங்கு குற்றச்சாட்டு. அருவருப்பை நீக்கினால் அவ்விலக்கணை பயனற்றுப் போகும். பாலி தம்மபதம் ஆசைகளைக் கக்கியவனை உயர்ந்த மனிதன் என்கிறது. அருவருப்பு அங்கும் விலக்கப்படவில்லை, கருவியாக்கப்பட்டுள்ளது. கக்கியதை எவரும் மீண்டும் உண்ணார் என்பதே துறவின் உறுதிக்குச் சான்று. உணவின்பொருட்டுத் தன் குலத்தையும் கோத்திரத்தையும் எடுத்துரைக்கும் அந்தணனைக் கக்கியதை உண்பவன் என்று மனு இகழ்வதும் இந்த அருவருப்பின் வலிமையை நம்பியே.

இவ்விடத்தில் தொல்காப்பியர் எச்சவியலில் கொண்ட நெறி மேலும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அவையில் கூறத்தகாதவற்றை மறைத்துக் கூறுக என்றவர், வழக்கில் மருவிப் பயின்றவற்றை மறைக்க வேண்டுவதில்லை என விலக்கும் தந்தார். ஆப்பி முதலியவற்றை உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவர். தண்டி சொல்லின் பொருள்நிலையை அளவுகோலாக்கினார். தொல்காப்பியர் அதனை வழங்குவோரின் பயிற்சியை அளவுகோலாக்கினார். உமிழ் மறைக்கப்படாது நின்றமைக்கு இரண்டாவதே தக்க விளக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் தமிழ் செய்த தேர்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பாடநூல்கள் உமிழ் நிறமாலை என்றன. கக்கு நிறமாலை என எவரும் ஆக்கவில்லை. இன்றும் அறிக்கைகளில் ஆலைகளின் கரியமில வாயு 'உமிழ்வு' எனப்படுகிறது. அதே ஆலையைக் கண்டிக்கும் செய்தித்தாள் அது புகையைக் 'கக்குகிறது' என்று எழுதுகிறது.