தொலைந்த நகரும் தொலைந்த உறவும்: போலின் ஹாப்கின்ஸின் ‘ஒரே இரத்தம்’ நாவல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில வாசகரிடையே தொலைந்த உலகச் சாகச நாவல்கள் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தன. உலகின் கண்ணுக்குத் தப்பி மறைந்து கிடக்கும் ஒரு நாட்டை ஐரோப்பியப் பயணி கண்டடைவதே இவற்றின் பொதுக்கதை. ரைடர் ஹாகார்டின் ‘சாலமன் மன்னரின் சுரங்கங்கள்’ (1885) இவ்வகைக்கு முன்மாதிரியாயிற்று. ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட இவ்வடிவத்தை, அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் வழிவந்த ஒருவர் கையாளும்போது நிகழும் மாற்றம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் போலின் ஹாப்கின்ஸ் (1859–1930) எழுதிய ‘ஒரே இரத்தம்’ இவ்வினாவை ஆராயத் தக்க நாவலாகும். பாஸ்டனில் வெளிவந்த ‘கலர்ட் அமெரிக்கன் மேகசின்’ இதழில் 1902, 1903ஆம் ஆண்டுகளில் இது தொடராக வந்தது.

கதைப்போக்கு

மருத்துவ மாணவன் ரூவல் பிரிக்ஸ் தன் பிறப்பை மறைத்து வெள்ளையர் நடுவே வாழ்கிறான். விபத்தில் இறந்தவளாகக் கருதப்பட்ட பாடகி டயாந்தியை மனவசிய ஆற்றலால் மீட்டு, அவளை மணக்கிறான். நண்பன் ஆப்ரி அவளை அடைய விரும்பிச் சூழ்ச்சி செய்ய, ரூவல் எத்தியோப்பியாவுக்குச் செல்லும் ஆய்வுக் குழுவில் சேர்கிறான். பழைய மெரோயி நகரின் இடிபாடுகளுக்கு அடியில், டெலசார் என்னும் மறைநகரைக் காண்கிறான். அவன் மார்பிலுள்ள தாமரை வடிவ மச்சத்தைக் கண்டு, அந்நகரத்தார் அவனைத் தம் மன்னனாக ஏற்கின்றனர்.

வடிவமும் மாற்றமும்

உடற்குறியால் அரச வாரிசை அறிதல் ஹாப்கின்ஸின் புதுமை அன்று. ஹாகார்டின் நாவலிலும் பணியாளாக உடன்வரும் உம்போபா, இடையைச் சுற்றியுள்ள பாம்புக் குறியைக் காட்டித் தானே உரிய மன்னன் என்கிறான். ஆயினும் அக்கதையைச் சொல்பவர் வெள்ளை வேட்டையர் குவாட்டர்மெயின். உம்போபா அரியணை ஏறிய பின்னர் அவர் வைரங்களோடு ஊர் திரும்புகிறார். ஹாகார்டு இருவருக்குப் பகிர்ந்தளித்த பயணி, வாரிசு என்னும் இரு நிலைகளையும் ஹாப்கின்ஸ் ஒருவனிடமே இணைக்கிறார். புதையல் தேடிச் சென்ற குழுவில் இடம்பெற்றவன், தன்னையே அங்குக் கண்டடைகிறான். பாட்டன் பெயரையும் அறிய இயலாதவாறு ஆவணமின்றி விடப்பட்ட ஓர் இனத்திற்கு, உடலே ஆவணமாகிறது. இதனை இந்நாவலின் முதன்மையான சாதனை என நாம் கருதுகிறோம்.

எனினும் நாவல் அத்தோடு அமையவில்லை. ரூவல், டயாந்தி, ஆப்ரி மூவரும் மீரா என்னும் அடிமைப் பெண்ணின் மக்கள் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. தங்கையை அறியாது அண்ணன் மணந்தான்; வெள்ளையன் எனத் தன்னை நம்பிய மற்றொருவனும் அவளுக்கு உடன்பிறந்தவனே. மிகைநாடகத் திருப்பம் என இதனை ஒதுக்குவார் உளர். தாயையும் சேயையும் தனித்தனியே விற்ற ஓர் அமைப்பில், உறவை அறியாமை விதியின் விளையாட்டன்று. அவ்வமைப்பின் நேரடி விளைவு என்பதை நாம் மறத்தலாகாது. பல நூற்றாண்டு மறைந்திருந்த நகர் கிடைக்கிறது. ஒரே தலைமுறையில் சிதைந்த குடும்பம் மீளவில்லை. டயாந்தி நஞ்சால் மடிகிறாள்.

குறை

நாவலின் தலைப்பு, மாந்தர் அனைவரும் ஒரே இரத்தத்தினர் என்னும் விவிலியக் கருத்தைச் சுட்டுவது. கதையோ அரச இரத்தத்தின் சிறப்பால் நாயகனை உயர்த்துகிறது. பிறப்பால் மதிப்பளக்கும் இனவாதத்தின் அளவுகோலையே இதுவும் கையாள்கிறது. மேலும், ரூவலின் தந்தை அடிமைகளை உடைமையாகக் கொண்ட வெள்ளையர். மன்னர் மரபும் உடைமையாளர் மரபும் ஓருடலில் கலந்திருத்தலை டெலசார் எவ்வாறு ஏற்கும் என்பதற்கு நாவல் தெளிவான விடை தரவில்லை.

முடிவுரை

ஜார்ஜ் ஸ்கைலர் 1930களில் எழுதிய ‘கறுப்புப் பேரரசு’ தொடரில் ஆப்பிரிக்கா அறிவியலாலும் படையாலும் மீட்கப்படுகிறது. ஹாப்கின்ஸின் டெலசாரோ, வெள்ளை வல்லரசுகள் நெருங்கி வருவதைக் கவலையோடு நோக்கும் மன்னனுடன் முடிகிறது. வெற்றி முழக்கமற்ற இம்முடிவே நாவலுக்கு நம்பகத்தன்மை அளிக்கிறது. ஹாப்கின்ஸ் தம் இறுதிக் காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றினார். அக்கழகத்தின் பதிப்பகமே 2022இல் இந்நாவலைத் தொடக்ககால அறிவியல் புனைகதை வரிசையில் மறுபதிப்பாக வெளியிட்டது. அவ்வரிசையில் இந்நாவலுக்குரிய இடம் ஐயத்திற்கு இடமின்றி உறுதியாகிறது எனலாம்.