தாத்தாவின் உமிக்கரியும் 11 சதவீதமும்

ஈறில் ரத்தம் வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் போதும், பேச்சுக்குள் ஒரு தாத்தா வந்துவிடுவார். "எங்க தாத்தா கடைசி வரைக்கும் உமிக்கரியிலதான் பல்லு தேச்சார். 80 வயசுல முறுக்கு கடிச்சார்." இந்தத் தாத்தாக்கள் பொய்யல்ல. அவர்களை வைத்து நாம் எட்டும் முடிவில்தான் கோளாறு.

பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1970-ல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. தொடர்ந்து 15 ஆண்டுகள் பார்த்தது. பிரஷ், பேஸ்ட், பல் மருத்துவர் என எதுவும் எட்டாத வாய்கள் அவை. (எட்டவைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது சரியா என்பது தனிக் கேள்வி.) 1986-ல் வெளியான முடிவு இது: 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பல்லின் பிடிமானத்தை அரித்தது, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக அரித்தது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. ஒன்றுமே செய்யாமலும் நூற்றில் 11 பேருக்குப் பல் நிற்கிறது என்று பொருள். முறுக்குக் கடித்த தாத்தா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். பேர் மட்டும் உமிக்கரிக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பதிலேயே பல் கொட்டிக் கஞ்சிக்கு மாறிய இன்னொரு தாத்தாவை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

அதற்காக வீட்டுப் பராமரிப்பையே தள்ளிவிட முடியாது. அதற்கான வலுவான சான்றும் அதே லோவிடமிருந்துதான் வருகிறது. 1965-ல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் பத்து நாளுக்குள் ஈறு தேறியது. மருந்தில்லை, ஊசியில்லை. காலையில் பல்லின் அடியை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவுபோல வருமே, அந்தக் கிருமிப் படலத்தை அன்றாடம் கலைத்ததுதான் வைத்தியம். அது தேய்த்தால் போகும், கொப்பளித்தால் போகாது. எந்தப் பொருளை வாயில் வைக்கிறோம் என்பதைவிடக் கை என்ன செய்கிறது என்பதே கணக்கு. நம் கைவைத்தியங்களை இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் நல்ல துணை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் எரிச்சல் அடங்கும், வீக்கம் கொஞ்சம் வடியும். படலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதன் குணமே இதன் குறை: இரண்டு நாள் சுகம் கிடைத்ததும் ஆள் விஷயத்தை மறந்துவிடுகிறார்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்புக்குச் சென்னை ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வொன்று ஆதரவாக இருக்கிறது. ஈறு அழற்சியுள்ள வளரிளம் பையன்கள் 20 பேரில் பாதிப் பேர் எண்ணெயும் மீதிப் பேர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் கொப்பளித்தார்கள். 10 நாளில் இரு தரப்புக்கும் ஈறு தேறியது. கேலி செய்து ஒதுக்கக்கூடியதல்ல. ஆனால் 20 பையன்களையும் 10 நாளையும் வைத்துக்கொண்டு சர்க்கரை முதல் மூட்டுவலி வரை எல்லாம் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வரும்போதுதான் சங்கடம். எண்ணெய்க்குக் கால் மணி நேரம் கொடுப்பவர் பிரஷுக்கு அரை நிமிடம்தான் கொடுக்கிறார். புரையேறும் வயதானவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

என் தராசில் வேப்பங்குச்சிதான் மற்றவற்றைவிட மேலே. மென்ற நுனி பிரஷேதான். ("ஆலும் வேலும்" என்று சொல்லி வேம்பை நீட்டுகிறோம், அந்த வேல் கருவேல்.) ஆனால் படலம் இறுகிக் காரையாக முதலில் கட்டுவது கீழ்முன்பற்களின் உட்புறத்தில், நாக்குக்குக் கீழே உமிழ்நீர் சுரக்கும் இடத்தை ஒட்டி. நேராக நிற்கும் குச்சி அங்கே வளைந்து போகாது. உமிக்கரி, செங்கல் பொடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விரலால் குறுக்கே தேய்த்தால் பல் வெளுக்கும், ஈறு இறங்கிய இடத்தில் வேர் தேயும், பிறகு ஐஸ் தண்ணீர் குடிக்க முடியாது.

பிரஷ்காரர்களும் பெருமைப்பட முடியாது. கெட்டியான நாராகப் பார்த்து வாங்கிப் பாத்திரம் துலக்குவதுபோல் இழுக்கிறோம். மெல்லிய நாரை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, சின்னதாக அசைத்தால் போதும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ரத்தம் வரும் இடத்தை "புண்ணாயிருக்கு" என்று விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்ப்பது. படலம் தேங்கியதால்தான் ரத்தமே வருகிறது. பல்லிடுக்கில் எந்தப் பிரஷும் நுழையாது. இடைவெளி இருந்தால், ஃப்ளாஸ் நூலைவிட அதற்கென்றே விற்கும் குட்டிப் பிரஷ் மேல். ஊக்கால் குத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. மெடிக்கலில் தாங்களாகவே குளோர்ஹெக்சிடின் வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிப்பவர்களுக்குப் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் வீட்டின் எல்லை முடிந்தது. படலம் காரையாக இறுகிவிட்டால் எந்த எண்ணெயும் எந்தக் குச்சியும் அதைப் பெயர்க்காது. சர்க்கரை நோயாளிகள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கோ நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் என்கிற எச்சரிக்கையே சரியாக வராது.

பல் மருத்துவரிடம் போய் கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்ற பயம் ஊர்தோறும் உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு: செய்துகொண்ட பின் சிலருக்குப் பல் ஆடத்தான் செய்கிறது, இடுக்கும் தெரிகிறது. அடியில் எலும்பு கரைந்து எப்போதோ ஆடத் தொடங்கிய பல்லை, பக்கத்துப் பல்லோடு சேர்த்துச் சிமெண்ட் பூசினதுபோல் அதுவரை காரைதான் பிடித்து வைத்திருந்தது.