998: விதிக்குள் பிறந்த இன்ஜின்

2017 செப்டம்பரில், இத்தாலியின் மிசானோ பந்தயத் தளத்தில் டுகாட்டி நிறுவனம் ஓர் இன்ஜினை மட்டும் தனியாக வெளியிட்டது. சக்கரம் இல்லை, டேங்க் இல்லை, சீட் இல்லை. பானிகாலே வி4 என்ற முழு வண்டி இரண்டு மாதம் கழித்து மிலானில்தான் மேடையேறியது. வண்டி விற்கிறவர்கள் இன்ஜினை முதலில் காட்டுவது அபூர்வம். ஆனால் டெஸ்மோசெடிச்சி ஸ்ட்ராடாலே என்ற அந்த இன்ஜின், தனியாக வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கத் தகுந்த பொருள்தான்.

அதுவரை கடைக்கு வரும் டுகாட்டி என்றால் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர். ஒன்று படுத்தும் மற்றொன்று நிமிர்ந்தும் இருக்கும் அந்த இரட்டைச் சிலிண்டர் இன்ஜினை வைத்தே டுகாட்டியின் போலோன்யா தொழிற்சாலை பல பத்தாண்டுகள் பேர் வாங்கியது. ஆனால் அந்த அமைப்பு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. முந்தைய பானிகாலே 1299-இல் ஒரு பிஸ்டனின் விட்டம் 116 மில்லிமீட்டர். நடுவில் பற்றிய தீ அவ்வளவு அகலத்தையும் எரித்து விளிம்புக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். பிஸ்டனின் எடையும் கூடும். இரண்டும் சேர்ந்து ஆர்.பி.எம்.முக்கு அணை போடும். இன்னும் சக்தி வேண்டுமென்றால் அதே கொள்ளளவை நான்கு சிறு பிஸ்டன்களுக்குப் பங்கிட்டுத் தருவதே வழி. மோட்டோஜிபியில் டுகாட்டி அதை 2003 முதலே செய்துவந்தது. 2007-இல் கேசி ஸ்டோனர் பட்டம் வென்றதும் நான்கு சிலிண்டரில்தான்.

இங்கே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். 2012 முதல் மோட்டோஜிபி விதிப்படி பிஸ்டன் விட்டம் 81 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாலைக்கு வந்த இந்த இன்ஜினின் விட்டமும் சரியாக 81. காற்று எப்படி உள்ளே இறங்க வேண்டும், தீ எப்படிப் பரவ வேண்டும் என்று பந்தயக் களத்தில் கற்ற பாடம், அளவு மாறாமல் கடைக்கு வருவதற்கு அது கதவு திறந்துவிட்டது. விளம்பரத்தில் 'பந்தயத்திலிருந்து சாலைக்கு' என்று எல்லோரும் எழுதுவார்கள். இந்த 81 அதற்குக் கைமேல் ஆதாரம்.

இதன் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜப்பானிய இன்லைன் நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 180 டிகிரி சுழலும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கும். இடைவெளி எல்லாம் சமம், அதனால்தான் அந்த ஒரே சீரான கீச்சு. டுகாட்டியின் இந்த வி4-இல் வெடிப்புகள் 0, 90, 290, 380 டிகிரிகளில் நிகழ்கின்றன. இரண்டு அடி நெருக்கமாக விழுகிறது, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நெருக்கமாக இரண்டு அடி, பிறகு 340 டிகிரிக்கு நீண்ட மௌனம். மிருதங்கத்தில் தேர்ந்த கை விடும் கார்வை போல, அந்த மௌனம்தான் அடிகளுக்கு எடை தருகிறது. நான்கு சிலிண்டர் இருந்தும் காதுக்கு இரட்டைச் சிலிண்டரின் தொனி கேட்பது இதனால்தான். பழைய ரசிகர்களின் மனதை ஆற்றுவதற்காக மட்டும் செய்ததல்ல இது. வளைவிலிருந்து சாய்ந்தபடி வெளியேறும்போது பின் டயரின் மீது விடாமல் அடி விழுந்துகொண்டே இருந்தால் ரப்பர் வழுக்கும். அந்த நீண்ட இடைவெளியில் டயர் மறுபடி தரையைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் கைக்கும் டயரின் நிலவரம் தெளிவாகத் தெரிகிறது.

கிராங்க் சுழலும் திசையும் தலைகீழ். பெரும்பாலான பைக்குகளில் கிராங்கும் சக்கரங்களும் ஒரே திசையில் சுழல்கின்றன. சுழலும் எந்தக் கனமான பொருளும் தன் நிலையிலேயே இருக்கப் பார்க்கும். வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ப்பது அதனால் கடினமாகிறது. இதில் கிராங்க் பின்னோக்கிச் சுழன்று, சக்கரங்களின் பிடிவாதத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. த்ராட்டிலைத் திருகும்போது முன்சக்கரம் எழும்பப் பார்ப்பதையும் அதுவே ஓரளவு அடக்குகிறது. சக்தியைப் பின்சக்கரத்துக்குச் சரியான திசையில் கொண்டுபோக நடுவில் ஒரு பல்சக்கரம் கூடுதலாக வேண்டும், அது கொஞ்சம் சக்தியைத் தின்னும். தெரிந்தே கொடுத்த விலை அது. அட்டவணையில் அச்சாகும் ஹார்ஸ்பவரை விட்டுக்கொடுத்து, வளைவில் மட்டுமே தெரியும் சுகத்தை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த முடிவு இதுதான்.

டெஸ்மோ வால்வுகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். சாதாரண இன்ஜினில் கேம் வால்வைத் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது; மூடவேண்டிய நேரத்தில் வால்வு மிதக்கும், மேலே ஏறிவரும் பிஸ்டன் அதில் மோதினால் இன்ஜின் போயிற்று. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி இதற்குச் செய்த ஏற்பாட்டில் வால்வைத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம். ஸ்பிரிங்கின் தயவை நம்பி இருக்க வேண்டியதில்லை. வால்வுக்குத் தன்னிச்சையான அசைவே கிடையாது. 1956-இல் ஸ்வீடனின் ஹெடெமோராவில் 125 சிசி பந்தய வண்டியில் ஜானி டெலி அன்டோனி வென்றபோது உலகுக்குத் தெரியவந்த அந்த ஏற்பாடு, 1968-இல் சாலை வண்டிக்கு வந்தது. இந்த வி4-இல் பதினாறு வால்வுகள். பிறகு வந்த இதன் 998 சிசி வடிவம் 16,500 ஆர்.பி.எம்.மில் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 137 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது, அத்தனை தடவையும் இரும்புக்கரம் பிடித்து இழுத்து மூடுகிறது. வால்வுகளை அசைக்கும் இத்தனை சின்னஞ்சிறு ராக்கர்களைச் செய்து, ஒவ்வொன்றின் இடைவெளியையும் சரிபார்த்துப் பூட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

இவ்வளவும் இருந்தும், 2017-இல் வந்த பானிகாலே வி4 உலக சூப்பர்பைக் போட்டியில் கால் வைக்க முடியாத வண்டி. அதன் கொள்ளளவு 1103 சிசி. நான்கு சிலிண்டர் வண்டிக்கு அங்கே 1000 சிசி வரைதான் அனுமதி. சாலையில் ஓட்டுகிறவருக்கு நடுவேகத்தில் இழுவை வேண்டும் என்பதற்காக டுகாட்டி வேண்டுமென்றே, பிஸ்டன் பயணிக்கும் தூரமான ஸ்ட்ரோக்கை 53.5 மில்லிமீட்டராக நீட்டியது. 13,000 ஆர்.பி.எம்.மில் 214 ஹார்ஸ்பவர், 10,000-இல் 124 நியூட்டன் மீட்டர் டார்க். சாலைக்கு இதுவே நல்ல முடிவு. ஆனால் பந்தயத்துக்கு வேறு இன்ஜின் வேண்டும்.

ஏன் வேண்டும் என்றால், சூப்பர்பைக் போட்டியின் அடிப்படையே கடையில் விற்கும் வண்டிதான். பந்தயத்துக்கென்று தனியாக ஒன்றைச் செய்து கொண்டுவர முடியாது. இதற்குத்தான் ஹோமோலோகேஷன் என்ற அங்கீகார முறை. 2018-இல் இருந்த விதிப்படி குறைந்தது 500 வண்டிகளாவது செய்ய வேண்டும். விலைக்கும் வரம்பு உண்டு, அப்போது அது 40,000 யூரோ. பிஸ்டன் விட்டம், ஸ்ட்ரோக் இரண்டையும் பிறகு மாற்றக் கூடாது. இந்த அங்கீகார முறை 1988-இல் போட்டி தொடங்கியதிலிருந்தே நல்ல இன்ஜின்களை நமக்குப் பெற்றுத் தந்திருக்கிறது. ஹோண்டாவின் ஆர்சி30, டைட்டானியம் கனெக்டிங் ராட் போட்ட 750 சிசி வி4, முதல் இரண்டு ஆண்டும் ஃப்ரெட் மெர்க்கெலைப் பட்டம் வெல்ல வைத்தது. பிறகு நான்கு சிலிண்டருக்கு 750, இரட்டைச் சிலிண்டருக்கு 1000 என்றிருந்த விதியில் டுகாட்டி கொடிகட்டிப் பறக்கவே, அதே ஹோண்டா தன் வி4-ஐ ஒதுக்கிவிட்டு ஒரு வி-ட்வின் செய்து, 2000-இலும் 2002-இலும் காலின் எட்வர்ட்ஸை வெல்ல வைத்தது. இப்போது டுகாட்டி தன் ட்வினை விட்டு வி4-க்கு வந்திருக்கிறது. விதிப்புத்தகத்தில் ஒரு வரி மாறினால் எதிரெதிர்த் தொழிற்சாலைகள் ஒன்றன் வடிவத்தை மற்றொன்று கையில் எடுக்கின்றன.

2018 நவம்பரில் பானிகாலே வி4 ஆர் வந்தது. விட்டம் அதே 81. ஸ்ட்ரோக் மட்டும் 48.4. குறைத்தது 5.1 மில்லிமீட்டர், கொள்ளளவு 998 சிசி. விதியின் கூரைக்கு இரண்டு சிசி கீழே! பிஸ்டன் பயணம் செய்யும் தூரம் குறைந்ததும், கூடுதல் வேகத்தில் சுழல இடம் கிடைத்தது. டைட்டானியம் கனெக்டிங் ராட், இலகுவான கிராங்க், அகலமான காற்று வழி, ட்ரை கிளட்ச். 105 சிசி இழந்த இன்ஜின் சக்தியை இழக்கவில்லை, ஏறிவந்தது: 15,250 ஆர்.பி.எம்.மில் 221 ஹார்ஸ்பவர். கடைசி கியரில் 16,500 வரை போகும். அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டால் விநாடிக்கு 26.6 மீட்டர் வருகிறது. நம்பர் பிளேட் மாட்டி, பால் வாங்கப் போகச் சட்டம் அனுமதிக்கும் வண்டியில்! டார்க் மட்டும் 112-க்கு இறங்கியது, அதுவும் 11,500-இல்தான் கிடைக்கும். இத்தாலியில் விலை 39,900 யூரோ. விலை வரம்பிலும் கூரையைத் தலை உரசும் அளவுக்கே நிறுத்தினார்கள்.

பந்தயக் களத்தில் நடந்தது எல்லோருக்கும் அதிர்ச்சி. 2019-இல் அல்வரோ பவுடிஸ்டா இந்த வண்டியில் ஏறி, முதல் பதினொரு பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். நேர்ப்பாதையில் மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். நிர்வாகம் நடுவழியில் தலையிட்டு, டுகாட்டிக்கு அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்.மில் 250-ஐக் குறைத்தது. ஆனாலும் அந்த ஆண்டின் பட்டம் கவாசாகியில் ஜொனாதன் ரேயிடம்தான் போனது. பவுடிஸ்டா விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். இன்ஜின் மட்டுமே பட்டம் வாங்கித் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆண்டு வேறில்லை. 2011-இல் கார்லோஸ் செக்கா வென்றதற்குப் பிறகு டுகாட்டிக்கு ஓட்டுநர் பட்டம் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பவுடிஸ்டாவே வென்றார். 2024-இல் தோப்ராக் ராஸ்காட்லியோலு பிஎம்டபிள்யூவில் அதைப் பறித்துக்கொண்டார்.

2023 மாடலில் ஒரு நுணுக்கம் என்னைக் கட்டிப்போட்டது. புகை விதிகளுக்கு உட்பட்டு 218 ஹார்ஸ்பவர். பந்தயச் சைலன்சர் மாட்டினால் 237. அதற்கும் மேலே, ஷெல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய தனி இன்ஜின் ஆயில் ஊற்றினால் இன்னும் மூன்றரை ஹார்ஸ்பவர். சாதாரண பைக்கில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். அவ்வளவு வழவழப்பான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இங்கே கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. சிக்னலில் நிற்கும்போது கடகடவென்று உலோகச் சத்தம் போடும் பழங்கால வழக்கம் என்று பலர் நினைக்கும் ட்ரை கிளட்ச், ஆயில் வழியாகச் சக்தியைச் சேர்க்கிறது.

2025 முதல் சூப்பர்பைக்கில் விநாடிக்கு விநாடி எவ்வளவு பெட்ரோல் இன்ஜினுக்குள் போகிறது என்பதற்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. இனி ஆர்.பி.எம்.மை ஏற்றிக்கொண்டே போவதில் ஆதாயம் குறையும். கிடைத்த பெட்ரோலில் ஒரு துளியும் வீணாகாமல் எரிப்பவருக்கே வெற்றி. அடுத்த இன்ஜினின் வடிவத்தை அந்த விதி தீர்மானிக்கும்.

தினமும் சாலையில் ஓட்டுவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1103-ஐத்தான் சொல்வேன். அதன் இழுவை மனிதருக்கு ஏற்றது. ஆனால் இன்ஜின் என்ற கைவினையின் உச்சத்தை ஒரு பொருளில் காட்டச் சொன்னால் 998-ஐத்தான் காட்டுவேன். இந்தத் தலைமுறையில் கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைத்த பைக் இன்ஜின்களில் அதற்கு மேல் ஒன்றை நான் அறியேன்.