குறியெதிர்ப்பையும் பழம்பொருளும்

புறநானூற்றின் 163ஆம் பாடலைக் கொடைச் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்தல் வகுப்பறை வழக்கமாகிவிட்டது. குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், அதனை எல்லோர்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகிறார். மன்னனின் வள்ளன்மை, புலவரின் பெருந்தன்மை என்ற அளவிலே பாடம் முடிந்துவிடுகிறது. யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் எனப் புலவர் எண்ணிச் சொல்லும் பகுதியை ஊன்றி நோக்குவோர் சிலரே.

மனைவியை விரும்பி வாழ்வோர், அவள் விரும்புவோர், அவளது சுற்றத்தார் ஆகியோரோடு, குடும்பம் பசித்திருந்த காலத்திலே குறியெதிர்ப்பை தந்தோரும் அங்கு இடம்பெறுகின்றனர். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. அயல்வீட்டிலே அரைக்கொத்து அரிசி வாங்கி உலையேற்றும் எமது ஊர்ப் பெண்களுக்கு இச்சொல் தெரியாதிருக்கலாம். செயல் நன்கு தெரியும்.

திருக்குறளின் ஈகை அதிகாரத்திலும் முதற் குறளிலேயே இச்சொல் வருகிறது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்று அங்கே அது ஒதுக்கப்படுகிறது. கைம்மாறு கருதாமையை வற்புறுத்தும் வள்ளுவர் நோக்கம் உயர்ந்ததே. எனினும் அவ்வரையறையினுள் கொடுப்பவன் உடையவனாகவும் பெறுபவன் இல்லாதவனாகவும் மட்டுமே நிற்கமுடியும். புறப்பாடலிலோ நேற்றுக் கொடுத்தவள் இன்று பெறுகிறாள். நாளை அவளே மீண்டும் கொடுக்கக்கூடும்.

வீட்டுக்கு வேண்டாத பொருளைப் பிறருக்கு வழங்குதல் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று. அக்காளின் சட்டையைத் தங்கை உடுத்துகிறாள். ஒரே தொட்டில் ஒழுங்கையிலுள்ள வீடுகளையெல்லாம் சுற்றிவருகிறது. எவருக்கும் இழிவில்லை. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிலே கொடுக்கப்பட்ட பழந்துணியோ மேலிருந்து கீழே மட்டுமே இறங்கியது. மறுக்கும் உரிமை பெறுபவனுக்கு இருக்கவில்லை. ஆகவே, இழிவு துணியின் பழமையிலன்று, அது செல்லும் திசையிலேயே உள்ளது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் நாகபட்டினக் கரைக்குப் பழந்துணிகள் மூட்டை மூட்டையாக வந்து வீதியோரங்களிலே குவிந்து கிடந்தன. பிறர் உடுத்துக் கழித்ததை ஏற்க மீனவர் பலர் மறுத்தனர். இதனை நன்றியின்மை என்பார் உளர். கடலோடு போராடி உழைத்துண்டவர்களின் மானம் அவர்களுக்கு நன்றியின்மையாகத் தோன்றுவதில் வியப்பில்லை!

அன்ஷு குப்தா 1999இல் டில்லியிலே தொடங்கிய 'கூஞ்ச்' நிறுவனம், அவ்வாறு கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படுத்தியது. அதன் வழமையான முறையும் கவனிக்கத்தக்கது. கிராமத்தவர் தமக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ தாமே தீர்மானித்து உழைத்து அமைக்க, நகரத்துப் பழம்பொருள்கள் அவ்வுழைப்புக்குரிய பரிசாக வழங்கப்படுகின்றன. இரந்து பெறும் நிலை இங்கே ஒழிகிறது. இது சிறிய முன்னேற்றமன்று. ஆயினும் பணமாகப் பெறவேண்டிய கூலியை நகரத்தின் கழிபொருளால் ஈடுசெய்வது எவ்வளவுதூரம் நியாயம் என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும். உழைப்பு புதிது; ஊதியம் மட்டும் பழையதா?

மீண்டும் பாடலைப் பார்ப்போம். இன்னாருக்கு என்று பாராதே, என்னைக் கேட்கவும் வேண்டாம் என்கிறார் புலவர். பங்கிடும் பொறுப்பு முழுவதும் மனைவியின் கையில் விடப்படுகிறது. எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை, எவளிடம் கைமாற்று நிலுவையில் உள்ளது என்பன அவளுக்குத் தெரியும். முதிர மலைக்குத் தலைவனான குமணனுக்குத் தெரியா. பரீட்சை வினாத்தாள்களோ இன்னும் குமணனின் கொடைச் சிறப்பையே விளக்கச் சொல்கின்றன.